எந்த அணையின் நீர்மட்டத்தை முதலில் பார்க்கிறீர்கள்?

பிழைக்க வந்த நகரம் சொந்த ஊராக மாறிவிட்டது என்பதை எப்போது உணர்ந்தீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னைக்கு வந்து ஆறு ஆண்டாகியும் இன்னும் விருந்தாளிபோலவே இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இங்கே இருபத்தொன்பது ஆண்டு ஆகிறது. ஆனால் அந்த விஷயம் எனக்குத் தெரியவந்த இடம் சென்னை இல்லை. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், நான் பிறந்த ஊரின் டீக்கடை.

2019 அக்டோபர். அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தினசரியின் நெல்லைப் பதிப்பைப் பிரித்தேன். முன்னும் பின்னும் புரட்டினேன். மறுபடியும் புரட்டினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், “அணை மட்டம்தானே தேடுகிறாய்? இதோ இருக்கிறது” என்று விரலை வைத்துக் காட்டினார். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு எல்லாம் வரிசையாக இருந்தன. நான் தேடியது அவற்றை இல்லை. சென்னையின் செம்பரம்பாக்கம் ஏரியைத் தேடிக்கொண்டிருந்தேன். நெல்லைப் பதிப்பில் அது எதற்காக வரப்போகிறது? பெரியவரிடம், “ஆமாம், இதைத்தான் தேடினேன்” என்று பொய் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தேன்.

இதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரியும். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்குக் காலை என்பது பாபநாசம் அணையின் மட்டத்தோடுதான் தொடங்கும். கொலை, கட்சி, சினிமா எல்லாம் அதற்கு அப்புறம். “இன்றைக்கு எத்தனை?” என்று யாராவது கேட்டால் அணையைத்தான் கேட்கிறார் என்று அர்த்தம், அணை என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டார்கள். முழுக் கொள்ளளவு 143 அடி. ஜூன் முதல் தேதி கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்களா, அடுத்த போகமான பிசானத்துக்குத் தாங்குமா, பெண்ணுக்கு இந்தத் தையில் கல்யாணம் வைக்கலாமா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்கும். என் அப்பா எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். அந்த ஒரு வரியை மட்டும் தடங்கல் இல்லாமல் படிப்பார்.

நான் சென்னைக்கு வந்தது 1996-இல், இருபத்தொரு வயதில். திருவள்ளுவர் பஸ்ஸில் வந்து பாரிமுனையில் இறங்கினேன். சித்தப்பா வேளச்சேரியில் குழாய், வால்வு, மோட்டார் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார். கடையிலேயே வேலை, கடைக்குப் பின்னால் வீடு. முதல் நாள் காலையில் சித்தி இரண்டு வாளிகளைக் காட்டினார். “இது உப்புத் தண்ணீர், குளிக்க. அது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். மாற்றி எடுத்துவிடாதே” என்றார். தண்ணீரில் நல்லது, கெட்டது என்று இரண்டு சாதி இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கன்னடியன் கால்வாயில் முங்கி எழுந்து, அதே தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்து வளர்ந்தவன் நான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, தலைமுடி சணல்போல ஆகும் என்பதையெல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன்.

ஊருக்குக் கடிதம் எழுதும்போது, இங்கே தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருந்தேன். ஆச்சிக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பொங்கலுக்குப் போனபோது ஆச்சி முதலில் கேட்டது அதைத்தான். “அப்படியானால் வழிப்போக்கன் தாகத்துக்குக் கேட்டால் என்ன செய்வார்கள்?” எனக்குப் பதில் தெரியவில்லை. “கொடுப்பார்கள் ஆச்சி” என்றேன். ஆச்சி நம்பவில்லை. உண்மையில் கொடுத்தார்கள். ஒரு குடத்துக்காக லாரியின் பின்னால் ஓடிய பெண்களே, கடைக்குச் சாமான் இறக்க வந்தவர்களுக்குச் சொம்பு நிறையக் கொடுத்ததைப் பிறகு பலமுறை பார்த்தேன். ஆனால் அந்தச் சமயத்தில் நான் அதைக் கவனிக்கும் மனநிலையில் இல்லை.

நான் வந்த அதே 1996-இல்தான் சென்னையின் குடிநீருக்கான கிருஷ்ணா நீரும் முதன்முதலாகத் தமிழக எல்லைக்குள் வந்தது. கண்டலேறு அணையிலிருந்து ஆந்திராவுக்குள் மட்டும் 152 கிலோமீட்டர் கால்வாயில் நடந்து, ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஜீரோ பாயின்ட் என்று சொல்லும் இடத்தில் எல்லையைத் தாண்டி, இன்னும் 25 கிலோமீட்டர் போய்ப் பூண்டி ஏரியில் சேர வேண்டும். சித்தப்பா கடையில் கிண்டலாகச் சொல்வார்: “இவனும் கிருஷ்ணா தண்ணீரும் ஒரே வருடம் வந்தவர்கள். இரண்டில் எது நின்று நிலைக்கிறது என்று பார்ப்போம்.”

முதல் ஏழெட்டு ஆண்டுகள் நான் சென்னையை மதிக்கவே இல்லை. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இங்கத்திய தினசரியில் வரும் ஏரி மட்டங்களைப் பார்த்துச் சிரிப்பேன். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. புழல் 21 அடிச் சொச்சம். “இதையெல்லாம் ஏரி என்று பேப்பரில் போடுகிறார்களே” என்று சித்தப்பாவிடம் சொல்வேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கனஅடி. எங்கள் பாபநாசம் ஒன்றே 5,500. ஓர் அணையில் பாதிச் சென்னை அடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

பிறகு இன்னொன்றைக் கவனித்தேன். ஊரில் தண்ணீரை அடியில் பேசுவோம்; இங்கே மில்லியன் கனஅடியில் பேசுகிறார்கள். கடைக்கு வருகிற மேஸ்திரிகூட, “மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. வேண்டும், மூன்றுதான் இருக்கிறது, சித்திரை தாண்டாது” என்று கணக்குச் சொல்வார். டி.எம்.சி. என்றால் ஆயிரம் மில்லியன் கனஅடி. ஆற்றுக்காரன் மேலே பார்க்கிறான், எவ்வளவு ஏறியிருக்கிறது என்று. ஏரிக்காரன் நாட்களை எண்ணுகிறான். இரண்டும் இரண்டு விதமான பயம்.

என் இளக்காரத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அது தெரிய எனக்குப் பல ஆண்டு பிடித்தது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. எங்கள் நெல்லைச் சமவெளியில் பெய்வது ஏறத்தாழ அதில் பாதி. எங்களுக்கு ஆறு இருக்கிறதே தவிர, மழை இல்லை. பொதிகை மலை இரண்டு பருவத்திலும் நனைந்து, அந்தத் தண்ணீரை ஆறாகக் கீழே அனுப்புகிறது, நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். மேலே ஒரு மலை இருப்பதில் நம் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சென்னைக்கு மலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நாற்பது ஐம்பது நாளில் வானம் கொட்டுவதைப் பிடித்துவைத்துக்கொண்டு, மீதிப் பத்து மாதத்தை ஓட்ட வேண்டும். பிடித்துவைக்கத்தான் இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் ஊருக்கு ஊர் ஏரி வெட்டினார்கள்.

எங்கள் பக்கம் வயலுக்குப் பாய்வதைக் குளம் என்போம். இங்கே குளம் என்றால் கோயில் குளம். வயலுக்கு என்றால் ஏரி. அதைவிடச் சிறியது தாங்கல். பழவந்தாங்கல் என்று ரயில் நிலையப் பலகையில் தினமும் படித்த எனக்கு, அது தண்ணீரைத் தாங்கின இடத்தின் பெயர் என்று உறைக்கவே இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. லேக் எங்கே என்று தேடினால் தியாகராய நகர்தான் கிடைக்கும். 1920-களில் அந்த நீண்ட ஏரியை வடித்து மனைகளாக்கினார்கள். ஏரி போனபின் பெயர் மட்டும் மனையில் உட்கார்ந்திருக்கிறது. நான் இருக்கும் வேளச்சேரியிலும் ஏரியின் மேலேதான் பாதி ஊர். நம் வீட்டுத் தரைக்குக் கீழே இருப்பது ஏரிக் களிமண் என்பதை வீடு வாங்குகிறவர்கள் கேட்பதில்லை; விற்கிறவர்கள் சொல்வதில்லை.

குழாய் வேலை செய்பவனுக்கு ஊர் மண்ணுக்கு அடியிலிருந்து அறிமுகமாகிறது. திருவான்மியூரில் மணல், கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர், ஆனால் பேராசைப்பட்டு இழுத்தால் கடல் உள்ளே வந்துவிடும். ஆதம்பாக்கத்தில் பாறை, போர்வெல் போடுகிறவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவான். வேளச்சேரியில் களிமண், மேலே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் கீழே இறங்காது. பரங்கிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு தெரு தள்ளினால்கூடத் தண்ணீரின் ருசி மாறும். இதெல்லாம் பத்து ஆண்டில் என் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்துகொள்வது வேறு, சொந்தமாவது வேறு. வேலைக்காரனுக்கு முதலாளி வீட்டின் ஒவ்வோர் அலமாரியும் தெரியும். அதனால் அது அவன் வீடு ஆகிவிடாது.

இப்போது ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2003. ஏரிகள் வறண்டு, வீட்டுக் குழாயில் காற்று வந்த காலம். தெருமுனைக் கறுப்புத் தொட்டியில் லாரி தண்ணீரை நிரப்பிவிட்டுப் போகும். நிறம் நிறமான பிளாஸ்டிக் குடங்கள் விடியுமுன்பே வரிசையில் நிற்கும். அந்த ஆண்டுதான் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டது. கெடு வைத்தார்கள். கடையில் நாலு அங்குலக் குழாய் பொங்கல் கரும்புபோல விற்றது. சித்தப்பா என்னை வெளி வேலைக்கு அனுப்பினார். முதன்முதலாகக் கையில் காசு பார்த்தது அப்போதுதான். சென்னை தாகத்தில் கிடந்த அந்தக் கோடை என் கல்யாணச் செலவை அடைத்தது.

களிமண் நிலத்தில் மழைநீரை இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. மொட்டை மாடித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து, ஜல்லியும் மணலும் போட்ட வடிதொட்டியில் விட்டு, அங்கிருந்து களிமண்ணைத் துளைத்து, கீழே தண்ணீர் குடிக்கும் மண் வரைக்கும் ஒரு துளைக்குழாயை இறக்க வேண்டும். பதினைந்து அடியாவது போகும். கிணறு இருந்தால் வேலை சுலபம். நேரே கிணற்றில் விட்டுவிடலாம். ஆனால் பலர் கேட்டது அதை இல்லை. “பேருக்கு ஒன்று போட்டுக் கொடுங்கள் தம்பி, அதிகாரி வந்து பார்த்தால் போதும்” என்றார்கள். போட்டுக்கொடுத்தேன். மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கும், ஓர் அடி பள்ளத்தில் நுழையும், மேலே அழகாக மணல் பரப்பியிருக்கும். பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு சொட்டு கீழே போகாது. அப்படி நாற்பது வீடுகளுக்கு மேல் செய்தேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தேன்: முகவரி, வாங்கிய தொகை, பாக்கி. அப்போது எனக்கு உறுத்தவே இல்லை. இது என் ஊரா என்ன? கேட்டவர் கேட்டார், கொடுத்தேன்.

பிறகு கல்யாணம், குழந்தை, தனிக்கடை, ரேஷன் கார்டு, ஓட்டு, ஒரு சின்ன வீடு. வீட்டுப் பத்திரம் பதிந்த அன்று ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். கடனைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. மகள் என்னிடம் நெல்லைத் தமிழிலும் தெருவில் சென்னைத் தமிழிலும் பேசியபோதும் இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது செங்கல்பட்டுக் கொளவாய் ஏரியைத் தாண்டினால் மனசு லேசாகும். திரும்பும்போது அதே ஏரியைக் கண்டால் கனக்கும். பத்திரம், அட்டை இவற்றையெல்லாம் வைத்து இதை அளக்காதீர்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததாகக் கணக்கு. ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: செம்பரம்பாக்கத்து உபரி அடையாற்றில் போகிறது, சைதாப்பேட்டையை அடிக்கும், வேளச்சேரிக்கு வராது. வேளச்சேரியை மூழ்கடித்தது எங்களைச் சுற்றியிருக்கும் ஏரிகள். கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம் என்று ஒன்று நிறைந்து இன்னொன்றில் வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். நடுவில் எங்கே அடைத்தாலும் எங்கள் வீட்டில் தண்ணீர்.

ஆறு ஆண்டாகிறது என்றீர்களே, உங்கள் தெருவில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியுமா? அடுத்த மழையில் குடையோடு இறங்கிப் பாருங்கள்.

அந்த வெள்ளத்தில் மூன்றாம் நாள் மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். மாடியில் மாட்டிக்கொண்டிருந்த என்னையும் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்ட படகுக்காரர், துடுப்புக்குப் பதிலாக ஒரு மூங்கிலால் ஊன்றிக்கொண்டே, என் பேச்சைக் கேட்டுவிட்டு, “அண்ணே, எந்த ஊர்?” என்றார். இந்தக் கேள்விக்கு இருபது ஆண்டாக ஒரே பதில்தான் சொல்லிவந்திருக்கிறேன். அன்று, “விஜயநகர், மூன்றாவது தெரு” என்றேன். அவர் சிரித்தார். “அது தெரிகிறது அண்ணே, அங்கிருந்துதானே ஏற்றினேன்” என்றார். பயத்தில் உளறிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். என்னிடம் வேலை செய்த பையனின் குடிசை சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்தது. ஒரு தட்டுமுட்டுச் சாமான்கூட மிஞ்சவில்லை. செம்பரம்பாக்கத்தின் எண்ணைத் தினமும் பார்க்கும் பழக்கம் அவனால் வந்தது. 22 அடி தொட்டால் அவனுக்குப் போன் செய்துவிடுவேன்.

நாலே ஆண்டில் எல்லாம் தலைகீழ். 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வெடித்துக் கிடந்தன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வேகன், வேகனுக்கு ஐம்பதாயிரம் லிட்டர். ரயில் வந்து நின்ற வில்லிவாக்கத்தில் வாழைமரம் கட்டாத குறை. என் வீட்டு போர்வெல் அதற்கு இரண்டு வாரம் முன்பே நின்றுவிட்டது. மோட்டார் காற்றை இழுத்துக் கதறும் சத்தம் கேட்டு ஓடிப்போய் நிறுத்தினேன். ஊரெல்லாம் மோட்டாரைப் பழுதுபார்க்கிறவன் வீட்டில் தண்ணீர் இல்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை. பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன்.

எங்கள் ஊரில் குடிமராமத்து என்று ஒன்று இருந்தது. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கால்வாயில் இறங்கித் தூர் வாருவார்கள். வராதவன் வீட்டு வாசலில் யாரும் சண்டை போட மாட்டார்கள். ஆனால் அந்த வருடம் மடை திறக்கும்போது அவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் போனேன். முழங்கால் அளவு சேறு. பெரியவர்கள் என்னைக் கரையில் நிற்கச் சொல்லவில்லை, நடுவில் விட்டார்கள். அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. சென்னைக் கால்வாயில் நான் ஒரு நாளும் இறங்கவில்லை. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நாற்பது இடத்தில் அடைத்திருக்கிறேன்.

மறுநாள் முதல் முகவரிக்குப் போனேன். வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். “நீங்கள் போட்ட குழாய் பதினாறு வருடமாக அழகாக நிற்கிறது தம்பி. பெயின்ட்கூட அடித்தோம்” என்றார். கிண்டலா, பாராட்டா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை. மணலைத் தோண்டினேன். ஓர் அடிக்குக் கீழே களிமண் பாறைபோல இறுகிக் கிடந்தது. எலி ஒன்று குடும்பம் நடத்தியிருந்தது.

அந்த ஆடி, ஆவணியில் பதினொரு வீடுகளை முடித்தேன். நோட்டில் இருந்த பல வீடுகள் அடுக்குமாடியாக மாறியிருந்தன. சிலர் என்னை உள்ளே விடவில்லை, இது ஏதோ புது வியாபாரத் தந்திரம் என்று நினைத்தார்கள். நினைக்கட்டும். குழாய்க்கு மட்டும் அடக்க விலை வாங்கினேன், கூலி வாங்கவில்லை. புண்ணியத்துக்காக இல்லை, வெட்கம் தாங்காமல். ஐப்பசி முதல் மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தொட்டியில் தண்ணீர் சுழித்து இறங்குகிறதா என்று பார்த்தேன். ஒன்பதில் இறங்கியது. இரண்டில் தேங்கி நின்றது. அவற்றை மறுபடி தோண்டினேன். அந்த மழை பிடித்த அடுத்த வாரம்தான் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய், நெல்லைப் பதிப்பில் செம்பரம்பாக்கத்தைத் தேடியது.

டீக்கடையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது கோபமாக இருந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். பாபநாசம் எத்தனை என்று பார்க்காமலே வந்துவிட்டேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் வாசலில் உட்கார்ந்து அதைத்தான் கேட்டிருப்பார்.

இரண்டு ஊரும் ஒன்றை ஒன்று விட்டுக்கொடுக்காது என்பதை 2023 டிசம்பரில் பார்த்தேன். நாலாம் தேதி மிக்ஜாம் புயல்; எங்கள் தெருவில் இடுப்பளவு. மின்சாரம் வந்து, வீட்டைக் கழுவி, நனைந்த மெத்தையை வெயிலில் போட்டு முடிக்குமுன், பதினேழாம் தேதி தெற்கே கொட்டத் தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், பயணிகள் இரண்டு நாள் தவித்தார்கள். தாமிரபரணி கரை மீறியது. அண்ணன் போன் எடுக்கவில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பதினேழு வயதில் கண்ணால் பார்த்தவன் நான். ஆறு எங்கே ஏறும், எந்தத் தெரு வரைக்கும் வரும் என்பது மனப்பாடம். ஆனால் அன்று இரவு யோசித்துப் பார்க்கிறேன், எல்லாம் முப்பது ஆண்டுக்கு முந்தைய கணக்கு. புதிதாகப் போட்ட சாலை உயரமா, தாழ்வா? படித்துறைக்கு மேலே யார் வீடு கட்டியிருக்கிறார்கள்? ஓடைக்கு வழி விட்டிருக்கிறார்களா? ஒன்றும் தெரியவில்லை. வேளச்சேரியில் எந்த வீட்டு வாசல்படி எத்தனை அங்குலம் உயரம் என்று கேளுங்கள், சொல்கிறேன். பிறந்த ஊரில் நான் வழி கேட்க வேண்டியவனாகிவிட்டேன்.

மூன்றாம் நாள் அண்ணன் பேசினார். எல்லாரும் நலம், நாற்றங்கால் போய்விட்டது. “உங்கள் பக்கம் தண்ணீர் வடிந்ததா?” என்று அவர் கேட்டார். தெற்கே அவ்வளவு நடந்திருக்கும்போது என் தெருவைக் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் காலையில் அணைக் கணக்குப் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவர் பாபநாசம் சொல்வார், நான் செம்பரம்பாக்கம் சொல்வேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள், “இருபத்திரண்டைத் தொடப்போகிறது அண்ணே” என்று கவலையோடு சொன்னேன். அண்ணன் சிரித்துவிட்டார். “இருபத்திரண்டு அடியா? ஏலே, எங்கள் கிணற்றிலேயே அதைவிட அதிகம் நிற்கும். இதற்குப் போயா பேப்பரில் போடுகிறார்கள்?”

எனக்கு ஏன் அவ்வளவு ரோஷம் வந்தது என்று தெரியவில்லை. ஏரி ஆழத்தில் இல்லை, அகலத்தில் இருக்கிறது என்று தொடங்கினேன். 3,645 மில்லியன் கனஅடி என்றேன். திறந்துவிட்டால் தண்ணீர் எந்தெந்தக் குடிசை வரைக்கும் வரும் என்று பெயர் சொல்லி அடுக்கினேன். மலை இல்லாமல், ஆறு இல்லாமல், நாற்பது நாள் மழையை மண்கரை கட்டித் தேக்கிவைத்து ஒரு கோடிப் பேர் குடிப்பது என்றால் என்னவென்று உங்கள் பாபநாசத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பக்கம் அண்ணன் தேநீர் ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“சரியப்பா, சரி” என்றார் கடைசியில். “உன் ஏரியை நான் ஒன்றும் சொல்லவில்லை.”